பெரிய எழுத்து, சின்ன எழுத்து: கணினி மொழியும் தமிழ்ப் பிரதியும்

சில ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கம் இரண்டு ஊர்களுக்குப் பொதுவான ஒரு கண்மாயின் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கூட்டம் போட்டோம். துண்டறிக்கை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எழுதி, மதுரையில் ஒரு டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்து, மாலை பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மெய்ப்புக்கூடப் பார்க்காமல் ஆயிரம் பிரதி வாங்கிப் போனேன். முதல் வரி ‘பகை மறந்து கண்மாயைக் காப்போம்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘புகை மறந்து கண்மாயைக் காப்போம்’ என்று இருந்தது. இரண்டாம் பத்தி ‘உன் ஊரும் என் ஊரும் ஒரே மடையில்...’ என்று தொடங்கும். அது ‘ஊன் ஊரும்’ ஆகிவிட்டது. மூன்றாம் பத்தியில் மக்கள் ‘முக்கள்’ ஆனார்கள். டீக்கடையில் ஒருவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பீடியை விடச் சொல்றீங்களா, கண்மாயை விடச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

தட்டச்சு செய்த பெண்ணின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் சரியாகத்தான் அடித்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் யாரும் கேட்காமலே ‘பெரிய எழுத்தாக’ மாற்றிவைத்தது எழுத்துச் செயலி. தமிழில்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாதே, பிறகு எதை அது மாற்றியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நம்மில் பலர் மேடையில் சொல்லிவருகிற ஒரு வாதத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ‘ஆங்கிலத்தில் எழுத்துக்குள்ளேயே மேல் கீழ் உண்டு, தமிழில் எல்லா எழுத்தும் சமம், ஆகவே தமிழ் இயல்பிலேயே சமத்துவ மொழி’ என்பது அந்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் சங்கதியை விளக்கிவிடுகிறேன். அந்தக் கடையில் பயன்படுத்தியது பாமினி என்ற எழுத்துரு. இலங்கைத் தமிழரிடையேயும் இங்கேயும் பரவலாகப் புழங்கியது. டிடிபி கடைகளில் இன்றும் காணலாம். பாமினியில் அடித்ததைக் கணினி தமிழாக அறியாது. அதன் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை மட்டுமே. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். சின்ன ‘ஜி’ அடித்தால் ப. பெரிய ‘ஜி’ அடித்தால் பு. சின்ன ‘கே’ ம, பெரிய ‘கே’ மு. சின்ன ‘சி’ உ, பெரிய ‘சி’ ஊ. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தின் இரண்டு உடைகளாக இருப்பவை இங்கே இரண்டு வேறு எழுத்துகள். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது ஆங்கிலத்தில் மரியாதை, அலங்காரம், பொருள் மாறாது. பாமினியில் பகை புகையாகும், கறி குறியாகும், எது ஏதுவாகும். முழுப் பிரதியையும் சின்ன எழுத்துக்கு மாற்றுகிற கட்டளையைக் கொடுத்தால் உகரங்கள் உதிரும்: மதுரை ‘மதரை’, முதல் ‘மதல்’, சுதந்திரம் ‘சதந்திரம்’. குடி கடியாகிவிடும்.

கணினிக்கு இந்த மாற்றம் எவ்வளவு சுலபம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தர எழுத்துக் குறியீடான ஆஸ்கி 1963இல் வெளிவந்தபோது அதில் சின்ன எழுத்துகளே இடம்பெறவில்லை. 1967 திருத்தத்தில்தான் சேர்ந்தன. பெரிய ‘ஏ’ 65ஆம் எண், சின்ன ‘ஏ’ 97. வித்தியாசம் 32. எல்லா 26 எழுத்துக்கும் அதே 32. அதாவது இரும எண்ணில் ஒரே ஒரு இலக்கத்தை மேலே கீழே தட்டினால் எழுத்தின் அந்தஸ்து மாறிவிடும். பெரும்பாலான நிரல் மொழிகள் இதற்கென்று ஓர் ஆயத்தக் கட்டளையை வைத்திருக்கின்றன. சி மொழியில் ‘டுஅப்பர்’, பைத்தானில் ‘அப்பர்’, ‘லோயர்’, ‘டைட்டில்’. நிரல் படிக்க உட்காருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆங்கிலம் மட்டுமே உலகம் என்றால் இதைவிட எளிதான வேலை வேறில்லை. இந்த எளிமையின் மேல்தான் நம் துண்டறிக்கை வழுக்கி விழுந்தது.

பாமினி மட்டும் இப்படியல்ல. 1990களில் உருவான தஸ்கி, தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த டாப் போன்ற எட்டுபிட் குறியேற்றங்கள் தமிழை மேல்பாதியில், அதாவது 128க்கு மேற்பட்ட எண்களில் குடியமர்த்தின. ஆனால் அந்த மேல்பாதியை ஏற்கெனவே ஐரோப்பிய மொழிகளின் கொம்பு வைத்த, தொப்பி வைத்த எழுத்துகளுக்குரிய இடமாக நினைத்துக்கொண்டிருந்த மென்பொருள்கள் ஏராளம். பெரிதாக்கு என்றால் அங்கேயும் 32ஐக் கழிக்கும். ஆக, அந்தத் தலைமுறைத் தமிழ்க் கணினியாளர்கள் எழுத்தை வடிவமைத்ததில் பாதி, அடுத்தவன் வீட்டுச் சட்டங்கள் நம் எழுத்தை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடப்பதற்கான பாடு.

‘கேஸ்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? (மதுரையில், அதிலும் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை வந்தபிறகு, கேஸ் என்றால் வேறு பொருள்தான் முதலில் தோன்றும்.) ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் அச்சுக்கோப்பவர் முன்னால் இரண்டு தட்டுகள் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். கைக்கு எட்டிய கீழ்த்தட்டில் அடிக்கடி தேவைப்படும் சின்ன எழுத்துகள். மேல்தட்டில் எப்போதாவது தேவைப்படும் பெரிய எழுத்துகள். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர்கள் அந்தத் தட்டுகளின் இடத்தைத்தான் குறிக்கின்றன. உழைக்கிற எழுத்து கீழே, விசேஷ நாளில் வருகிற எழுத்து மேலே. அதற்கும் முன்னால் இவை இரண்டு வெவ்வேறு எழுத்துமுறைகளாகவே இருந்தன: ரோமானியர் கல்லில் வெட்டியது ஒன்று, சார்லமேன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் கடைசியில், மடங்களில் சுவடி எழுதுவதற்கென ஒழுங்குபடுத்திய சிறுவடிவம் இன்னொன்று. பிற்பாடு இரண்டையும் ஒரே பிரதிக்குள் சேர்த்து, கல்வெட்டு எழுத்தைத் தலையிலும் சுவடி எழுத்தை உடலிலும் வைத்தார்கள். அரசனின் எழுத்து முன்னே போக எழுத்தரின் எழுத்து பின்னே வருகிறது எனலாம். மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் விட்டுவிடலாம்.

நம்மிடம் இப்படி எதுவும் நடக்கவில்லையா? மதுரையிலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது இடது பக்கம் படுத்திருக்கிற யானைமலையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி எடுப்பித்த கோயில் பற்றியது. அதில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். ஒரே பாறை, ஒரே செய்தி, இரண்டு எழுத்து. பெரிது சிறிது என்று அளவில் வேறுபடுத்தவில்லை. எந்த மொழிக்கு எந்த எழுத்து என்று வேறுபடுத்தினார்கள். எழுத்துக்குள் மேல்தட்டு கீழ்த்தட்டு என்று தேடினால் நம் பக்கத்து உதாரணம் இதுதான். வட்டெழுத்து பின்னால் சோழர் ஆட்சியோடு பாண்டிநாட்டில் வழக்கொழிந்தது. ஆனால் அந்தத் தட்டு முற்றாகப் போய்விடவில்லை. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். உயிரும் மெய்யும் ஷிப்ட் அழுத்தாமலே வரும். ‘பெரிய எழுத்து’ விசை தமிழுக்குத் தேவையே இல்லை என்று அதை வடிவமைத்தவர்கள் கண்டுகொண்டது உண்மையிலேயே ஒரு பாய்ச்சல். காலியான அந்த மேல்தட்டில் என்ன வைத்தார்கள்? ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ. கிரந்த எழுத்துகளை. ஷிப்டை அழுத்திப் பிடித்தால்தான் அவை வரும். தனித்தமிழ் அரசியலின் வெற்றி என்றும் இதை வாசிக்கலாம், யானைமலைக் கல்வெட்டின் ஏற்பாடு விசைப்பலகையில் திரும்பி வந்திருக்கிறது என்றும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பில் ‘மேல்’ என்பதன் பொருள் தலைகீழாகியிருக்கிறது: இப்போது மேல்தட்டு என்பது விலக்கிவைத்த இடம்.

யூனிகோடு வந்தபிறகு என்ன ஆனது என்பதற்கு வருவோம். 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். அ என்பது 2949, க என்பது 2965. இந்த எண்கள் யாருக்கும் பொதுவல்ல, தமிழுக்கே உரியவை. ஆகவே பைத்தானில் ‘மதுரை’ என்று எழுதி அப்பர் கட்டளை கொடுத்தால் மதுரையே திரும்பி வரும். லோயர் கொடுத்தாலும் மதுரைதான். முதுரையும் இல்லை, மதரையும் இல்லை. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை (அத்துடன் டேஸ்16ஐயும்) ஏற்றது. நம் துண்டறிக்கைப் பிரச்சினை யூனிகோடில் அடித்திருந்தால் எழுந்தே இருக்காது.

சரி, விடுதலை கிடைத்துவிட்டதா என்றால், ‘இது பெரிய எழுத்தா?’ என்று மதுரையைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று விடை வரும். ‘அப்படியானால் சின்ன எழுத்தா?’ அதற்கும் இல்லை. இதுவரை நியாயம். ‘இது எழுத்துகளால் மட்டும் ஆனதா?’ என்று கேட்கிற கட்டளை ஒன்று உண்டு, ‘ஈஸ்ஆல்ஃபா’. அதற்கும் விடை: இல்லை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தாலும் இல்லைதான். காரணம், யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு முக்கிய வகை. இரண்டிலும் அடங்காத எழுத்துகளுக்கு ‘எழுத்து, மற்றவை’ என்ற வகை. க, ங, ச, அ, ஆ எல்லாம் அந்த மற்றவையில். உயிர்மெய்யின் கொம்பு, கால், சுழி, மெய்யின் புள்ளி ஆகியவை எழுத்து வகையிலேயே இல்லை. ‘குறி’ என்ற வேறு வகை. எனவே ‘பல’ என்பது எழுத்தாலான சொல், ‘மரம்’ அப்படியல்ல. மகரத்தின் மேலிருக்கும் புள்ளி அதைக் கெடுத்துவிடுகிறது. மெய்க்குப் புள்ளி வைப்பதைத் தொல்காப்பியமே இலக்கணமாகச் சொல்கிறது. அந்தப் புள்ளி கணினிக்கு எழுத்தின் மேல் விழுந்த ஏதோ ஒரு பொட்டு. பிரதியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கப் பைத்தானின் வழக்கமான தேடல் கருவியைப் பயன்படுத்தினால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகி வரும். மதுரைக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். இந்தக் குறையைச் சரிக்கட்ட நம்மவர்கள் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரல் தொகுப்புகளை எழுதியிருக்கிறார்கள். அதில் முத்து அண்ணாமலையின் பங்கு முக்கியமானது. ‘எழில்’ என்ற தமிழ் நிரல் மொழியையும் உருவாக்கியவர் அவர். அச்சிடு என்பதற்கு அதில் ‘பதிப்பி’ என்று கட்டளை கொடுக்கலாம்.

‘மற்றவை’ என்ற அந்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை. சீனம், அரபு, ஹீப்ரு, தேவநாகரி, தாய், தமிழ் எல்லாம் அதில்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். பெரிய எழுத்து என்ற வகையில் இருப்பவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. இலத்தீன், கிரேக்கம், சிரிலிக், அர்மீனியம், இன்னும் சில. ஆக, எண்ணிக்கையில் உலகம் மற்றமையில் இருக்கிறது, பெயர் வைக்கிற உரிமை அந்த இரண்டாயிரத்திடம் இருக்கிறது. பின்காலனியக் கோட்பாடு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். எனக்கும்தான். ஆனால் அவசரப்பட வேண்டாம். மேல் கீழ் தட்டு ஐரோப்பியரின் சொத்து மட்டுமல்ல. செரோக்கி எழுத்துக்கு 2015இல் சின்ன வடிவங்கள் யூனிகோடில் சேர்ந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபுலானி மொழிக்காக 1980களின் இறுதியில் பாரி சகோதரர்கள் இருவர் சிறுவயதில் உருவாக்கிய அட்லம் எழுத்தில் பெரிய, சின்ன வடிவங்கள் இரண்டும் உண்டு. தங்களுக்கென்று புதிதாக எழுத்து படைத்தவர்களே அந்தத் தட்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதை வெறும் அடிமைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

பெயர் வைக்கிற உரிமை எங்கே உண்மையில் கடிக்கிறது என்று காட்டுகிறேன். 2009இல் கூகுள் நிறுவனம் ‘கோ’ என்ற நிரல் மொழியை வெளியிட்டது. அதில் ஒரு விதி: ஒரு செயற்கூற்றின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பொதுவானது, பிற தொகுப்புகள் அதை அழைக்கலாம், அப்படித் தொடங்காவிட்டால் அது வீட்டுக்குள் மட்டும். பொதுவா தனியா என்று தனியாக ஒரு சொல் எழுதும் வேலையை மிச்சப்படுத்துகிற சிக்கனமான யோசனை. தமிழில் பெயர் வைக்க மொழி அனுமதிக்கிறது, தடையேதுமில்லை. ‘கூட்டு’ என்று ஒரு செயற்கூறு எழுதலாம். ஆனால் தமிழுக்குப் பெரிய எழுத்து இல்லாததால் அந்தக் ‘கூட்டு’ ஒருபோதும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. வர வேண்டுமென்றால் முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். மொழியை உருவாக்கியவர்களே இந்தச் சிக்கலை ஒப்புக்கொள்கிறார்கள். ஜப்பானியச் சொல்லுக்கு முன் ‘எக்ஸ்’ ஒட்டுவதை உதாரணமாகக் காட்டி, அது நல்ல தீர்வல்ல என்றும் சொல்கிறார்கள். விதி இருக்கிறது. தடை போடாமலே ஒரு மொழியை வாசலுக்கு உள்ளே நிறுத்திவைப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. புரோலாக்கிலும் பெரிய எழுத்தில் தொடங்குவதுதான் மாறி. தமிழ்ச் சொல் மாறாததாகவே நிற்கும், முன்னால் ஒரு கீழ்க்கோடு இழுத்தாலொழிய.

இதெல்லாம் நிரல் எழுதுகிற பிள்ளைகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். என் பெரியம்மா நிரல் எழுதியவர் அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் களையெடுத்து வாழ்ந்தவர். பெயர் வள்ளியம்மாள். முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, ஒருநாள் நின்றது. அலைந்து பார்த்ததில் ஒரு ஆவணத்தில் வள்ளியம்மாள், இன்னொன்றில் வல்லியம்மாள். எப்படி வந்தது வல்லி? விண்ணப்பத்தைக் ‘கேப்பிட்டல் லெட்டரில்’ நிரப்பச் சொல்லியிருந்தார்கள். ள, ல இரண்டுக்கும் அங்கே ஒரே ‘எல்’. பிறகு அந்த ஆங்கிலத்திலிருந்து ஒரு மென்பொருள் தமிழைத் ‘திருப்பி’ எடுத்தது. அதற்குத் தெரிந்தது ல. எட்டு மாதம் பணமில்லை. “ஏய்யா, எழுத்து தப்புன்னா எழுத்தைத்தான திருத்தணும்? என்னைய எதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க விடுறானுக?” என்றார் பெரியம்மா.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. தமிழை ரோமன் எழுத்தில் இழப்பில்லாமல் எழுதும் வழி கணினித் தமிழர்களிடம் 1980களிலிருந்தே இருக்கிறது. கனடாவிலிருந்து ஸ்ரீநிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்றவற்றின் ஒலிப்புமுறை விசைகளில் சின்ன ‘எல்’ என்றால் ல, பெரிய ‘எல்’ என்றால் ள. சின்ன ‘ஆர்’ ர, பெரியது ற. சின்ன ‘என்’ ன, பெரியது ண. சின்ன ‘ஏ’ அ, பெரியது ஆ. ஆங்கிலம் அலங்காரத்துக்கு வைத்திருந்த மேல்தட்டை நம்மவர்கள் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். கல்லும் கள்ளும், மனமும் மணமும், அரியும் அறியும் பிழைத்தன. காலியாகக் கிடந்த மேட்டு நிலத்தைக் குடியிருப்பாக்கியது மாதிரி. அப்படி எழுதிய ‘பள்ளி’யை எவராவது லோயர் கட்டளையால் சின்ன எழுத்தாக்கினால் அது பல்லியாகிச் சுவரில் ஏறிவிடும், அப்பர் கொடுத்தால் ‘பாள்ளீ’. ஆனால் தகவல் தொகுப்புகளில் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நிரலாளர்களின் நல்ல பழக்கம். ஆங்கிலப் பெயருக்கு நல்ல பழக்கம்தான். அரசாங்கப் படிவத்தின் ‘கேப்பிட்டல் லெட்டர்’ கட்டளையும் அதே வேலையைத்தான் காகிதத்தில் செய்கிறது. பெரியம்மாவின் ளகரம் நசுங்கியது இந்த இரண்டு நல்ல பழக்கங்களுக்கும் நடுவே.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணை போட்டதையும், எதிர்ப்பும் கேலியும் வந்து சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். வேலூர் ‘வீலூர்’ என்று படிக்கும்படி இருந்ததாகச் சிரித்தோம். நோக்கம் தவறல்ல. நெடில், குறில், ள, ழ எதற்கும் இடமில்லாத 26 எழுத்துக்குள் எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேறென்ன நடக்கும்?

இனி அந்த மேடை வாதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வெறும் இலக்கணமல்ல, அரசியலும்கூட. ‘நீக்ரோ’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும் என்று டுபாய்ஸ் போன்றோர் பல்லாண்டு போராடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930 மார்ச்சில் பணிந்தது. 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின், ‘பிளாக்’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுத அசோசியேட்டட் பிரஸ் முடிவு செய்தது. இதற்கு எதிர்த்திசையில், குளோரியா வாட்கின்ஸ் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை எடுத்துக்கொண்டு பெல் ஹூக்ஸ் என்று முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதினார். ஆளைவிட எழுத்து முக்கியம் என்றார். தமிழில் ‘பெல் ஹூக்ஸ்’ என்று எழுதும்போது அந்தச் செயல் ஓசையில்லாமல் காணாமல் போகிறது. லக்கானை மொழிபெயர்க்கையில் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். பெரிய எழுத்து மற்றமைக்கும் சின்ன எழுத்து மற்றமைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழில் எப்படிக் காட்டுவது? ‘பெரிய மற்றமை’ என்றோம், ஒற்றை மேற்கோளில் அடைத்தோம், தடித்த எழுத்தில் போட்டோம். பார்வையில் நிகழ்வதை நாம் அடைமொழியால் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பெருங்கதையாடல்’ என்ற சொல்லின் ‘பெரு’வும் ‘சிறுபத்திரிகை’யின் ‘சிறு’வும் அந்த வேலையைத்தான் பார்க்கின்றன.

எழுத்தின் உருவத்தில் பேதம் இல்லை, சரி. சொல்லின் கடைசியில் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஒரு மனிதன் யார் என்பதை ஆங்கிலம் பெயரின் தலையில் ஒரே மாதிரி பெரிய எழுத்துப் போட்டு முடித்துக்கொள்கிறது. கலெக்டருக்கும் தோட்டிக்கும் அங்கே அதே அளவுதான். நாம் வினையின் வாலில் ஆளை அளக்கிறோம். நம் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் யார் ‘கைது செய்யப்பட்டார்’, யார் ‘பிடிபட்டான்’ என்று ஒரு வாரம் கத்தரித்து ஒட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் தலித் பெரியவரைக் கால்சட்டைப் பையன் ‘டா’ போட்டு அழைத்ததை நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து 2006 வரை ஒரு தலித் தலைவராக அமர முடியவில்லை. ‘தலைவர்’ என்பதில் இருக்கிற அந்த ‘அர்’ விகுதிக்குப் பத்தாண்டுக் காலம் இடம் மறுக்கப்பட்டது என்றும் இதைச் சொல்லலாம். நம் மேல்தட்டும் கீழ்த்தட்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லாததால் இல்லையென்று ஆகிவிடாது. ஒரு கட்டளையில் 32ஐக் கூட்டியோ கழித்தோ சமப்படுத்த முடியாத இடத்தில் அது இருக்கிறது.

பெரியம்மாவின் ஆவணம் ஒருவழியாகத் திருத்தப்பட்டது. ளகரம் திரும்பி வந்தது. நின்றுபோன எட்டு மாதப் பணத்துக்குத் தனியாக மனு கொடுக்கச் சொன்னார்கள். அந்த மனுவை நான்தான் நிரப்பினேன். படிவத்தின் முதல் வரியில், அடைப்புக்குறிக்குள், பெயரைக் கேப்பிட்டல் எழுத்துகளில் எழுதவும் என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பேனாவை அழுத்தி வள்ளியம்மாள் என்று தமிழிலும் எழுதினேன். கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாது சார் என்றார் எழுத்தர்.